பச்சை மதிப்பெண்ணும் நொய்யல் உப்பும்

2022ஆம் ஆண்டின் முற்பகுதியில் எச் அண்ட் எம் நிறுவனத்தின் இணையக் கடையில் ஒரு கவுனைத் தேர்ந்தெடுத்தால், விலை, அளவு ஆகியவற்றோடு ஒரு சுற்றுச்சூழல் அட்டையும் திறக்கும். ஒரு கவுனுக்கு வழக்கத்தைவிட 20 விழுக்காடு குறைவான தண்ணீர்தான் செலவானது என்று அந்த அட்டை சொன்னது. குவார்ட்ஸ் என்ற அமெரிக்கச் செய்தித் தளத்தினர் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனார்கள். அட்டைக்கு அடிப்படையாக இருந்தது ஹிக் குறியீடு என்ற ஆடைத்துறை அளவுகோல். அதன் தளத்தில் அதே கவுனுக்கு 20 விழுக்காடு கூடுதல் தண்ணீர் என்று பதிவாகியிருந்தது. கூடுதல் செலவைக் காட்டக் கழித்தல் குறி போட்டிருந்தார்கள். கடையின் பக்கத்துக்கு எண் வந்து சேர்ந்தபோது குறி விடுபட்டுப்போனது. இப்படிப் பாதிக்கும் மேற்பட்ட அட்டைகள் துணியை உள்ளதைவிட நல்லதாகக் காட்டின என்று அந்த ஜூன் மாதம் குவார்ட்ஸ் எழுதியது. நிறுவனம் அட்டைகளை எடுத்துவிட்டது.

விடுபட்ட குறியைத் திரும்பப் போட்டுவிடலாம். அதற்கு ஒரு நாள் போதும். குறி சரியாகவே இருந்திருந்தாலும் அந்த எண் வாங்குபவருக்கு எதைச் சொல்லியிருக்கும்? ஒரு துணியை, ஒரு கடையை, ஒரு பிராண்டை "சூழலுக்கு இவ்வளவு நல்லது" என்று ஒரே எண்ணில் அடக்க அறிவியலால் முடியுமா? கடைக்காரர்களும் அரசுகளும் முதலீட்டாளர்களும் இன்று கோடிக்கணக்கில் செலவழித்துப் பதில் தேடிக்கொண்டிருக்கும் கேள்வி இது. அந்தத் துணியில் கணிசமான பங்கு நம் ஊர்களில் நெய்து, சாயமேற்றி, தைத்துப் போகிறது என்பதால் நமக்கும் இதில் பங்கு உண்டு.

கதை வால்மார்ட்டிலிருந்து தொடங்குகிறது. 2009இல் அந்த நிறுவனம் தனக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் எல்லோரிடமும் 15 கேள்விகள் கேட்டது. ஆற்றல் எவ்வளவு, கழிவு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, ஆலை எங்கே இருக்கிறது என்ற வகைக் கேள்விகள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சூழல் மதிப்பெண் தர வேண்டும் என்பது திட்டம். அதே காலத்தில் படகோனியா என்ற மலையேற்ற உடை நிறுவனத்தோடு சேர்ந்து மற்ற ஆடை நிறுவனங்களையும் கூட்டுக்கு அழைத்தது. எல்லோரும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்துவோம் என்றார்கள். நீடித்த ஆடைக் கூட்டணி அப்படி உருவானது. அதன் ஹிக் குறியீடு 2012இல் வெளிவந்தது. நோக்கம் நல்லது. அதை நான் சந்தேகிக்கவில்லை. அளவுகோலே இல்லாத காலத்தில் யார் வேண்டுமானாலும் ஓர் இலைப் படத்தை அச்சடித்துத் துணியில் தொங்கவிட முடிந்தது.

இத்தகைய மதிப்பெண்களுக்கு அடியில் இருக்கும் கணக்குக்கு வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்று பெயர். 1969இல் கோக்க கோலா நிறுவனம் தன் புட்டிகளை ஒப்பிடுவதற்காகச் செய்த ஆய்வை இதன் முன்னோடியாகச் சொல்வார்கள். இன்று இதற்கு ஐ.எஸ்.ஓ. 14040 என்ற தரநிலை இருக்கிறது. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்ற அலகை முதலில் முடிவு செய்ய வேண்டும். கணக்கை எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்ற எல்லை அடுத்தது. பிறகு உள்ளே போன பொருள், மின்சாரம், தண்ணீர், வெளியே வந்த புகை, கழிவு எல்லாவற்றையும் எழுதி, புவி வெப்பம், நீர்ப் பற்றாக்குறை, ஓசோன் சிதைவு என்று பாதிப்பு வகைகளாகப் பிரிக்க வேண்டும். கணக்கு நேர்மையானதுதான். ஆனால் அலகையும் எல்லையையும் ஒரு மனிதர்தான் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிறார்.

எல்லை என்ன செய்யும் என்பதற்கு ஒரு ஜீன்ஸ் போதும். லீவைஸ் நிறுவனம் தன் 501 ஜீன்ஸுக்கு 2015இல் ஒரு முழுக் கணக்கு வெளியிட்டது. பருத்தி விதைப்பதிலிருந்து, வாங்கியவர் துவைத்துத் துவைத்துக் கடைசியில் தூக்கிப்போடும்வரை ஒரு ஜீன்ஸுக்கு 3,781 லிட்டர் தண்ணீர், 33.4 கிலோ கரியமில வாயு. தண்ணீரில் 68 விழுக்காடு பருத்தி விளைச்சலுக்கே போய்விடுகிறது. கரியமில வாயுவிலோ 37 விழுக்காடு வாங்கியவர் வீட்டில், வெந்நீரில் துவைத்து இயந்திரத்தில் உலர்த்துவதில் வருகிறது. கணக்கைத் தொழிற்சாலை வாசலோடு நிறுத்தியிருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கண்ணில் படாமலே போயிருக்கும்.

ஹிக்கின் மூலப்பொருள் குறியீடு ஏறக்குறைய அந்த வாசலில்தான் நின்றது. பாலியெஸ்டர் துணியைத் துவைக்கும்போது உதிரும் நுண்ணிழைகள், அது மண்ணில் மக்காமல் கிடக்கும் காலம் இரண்டும் எல்லைக்கு வெளியே போயின. எண்ணெயிலிருந்து வரும் பாலியெஸ்டர் அதனால் நல்ல மதிப்பெண் வாங்கியது. பட்டு மிக மோசமான இடத்துக்குப் போனது. பட்டுக்குப் பயன்பட்ட தரவு இந்தியப் பட்டு வளர்ப்பைப் பற்றிய ஒரு சிறிய ஆய்வு. சில பண்ணைகளில், அங்குள்ள பாசன வழக்கத்தில் எடுத்த அளவு, உலகத்துப் பட்டுக்கெல்லாம் மதிப்பெண் ஆகிவிட்டது. செயற்கை இழை விற்கிறவர்களுக்கு இது எவ்வளவு வசதி என்று சொல்ல வேண்டியதில்லை.

நார்வேயின் நுகர்வோர் ஆணையம் 2022 ஜூனில் இதில் தலையிட்டது. நொர்ரோனா என்ற அந்நாட்டு உடை நிறுவனம் தன் இயற்கைப் பருத்தி டி-ஷர்ட்டுக்கு ஹிக் எண்களைக் காட்டி விளம்பரம் செய்திருந்தது. அந்த எண்கள் உலகளாவிய சராசரிகள். இந்தக் குறிப்பிட்ட டி-ஷர்ட்டின் பருத்தி எந்தக் காட்டில் விளைந்தது, எந்த ஆலையில் நூலானது என்பதோடு அவற்றுக்குத் தொடர்பில்லை. சராசரியைக் காட்டி ஒரு குறிப்பிட்ட பொருளை நல்லது என்று சொல்வது வாங்குபவரை ஏமாற்றுவதாகும் என்று ஆணையம் தீர்ப்பளித்தது. எச் அண்ட் எம் நிறுவனத்துக்கும் எச்சரிக்கை போனது. நீடித்த ஆடைக் கூட்டணி அந்த மாதமே நுகர்வோருக்கான அட்டைகளை உலகெங்கும் நிறுத்திவைத்தது. 2024இல் தன் பெயரையே காஸ்கேல் என்று மாற்றிக்கொண்டது.

அலகும் பாதிப்பு வகையும் சேர்ந்து ஒரு முடிவை எப்படிப் புரட்டிப்போடும் என்பதற்கு நம் ஊரில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் உதாரணம் ஒன்று உண்டு. டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018இல் கடைப் பைகளை ஒப்பிட்டது. ஒரு சாதாரண பிளாஸ்டிக் பையோடு சமன் ஆக வேண்டுமானால் ஒரு பருத்திப் பையை 7,100 முறை பயன்படுத்த வேண்டும், இயற்கைப் பருத்தி என்றால் 20,000 முறை என்ற செய்தி உலகம் சுற்றியது. மஞ்சப்பை இயக்கத்தை எதிர்த்துப் பேசுகிறவர்கள் கையில் இன்றும் இந்த எண் இருக்கிறது. அறிக்கையைத் திறந்து பார்த்தால் அதே பைகளுக்கு வேறு இரண்டு எண்களும் இருக்கின்றன. புவி வெப்பத்தை மட்டும் பார்த்தால் சாதாரணப் பருத்திக்கு 52 முறை, இயற்கைப் பருத்திக்கு 149 முறை. ஆயிரக்கணக்கில் ஏறியது, எல்லாப் பாதிப்பு வகையிலும் பிளாஸ்டிக்கோடு சமன் ஆக வேண்டும் என்று கேட்டதால்தான். ஓசோன் சிதைவு என்ற ஒரே வகை அதைத் தூக்கிவிட்டது. ஒப்பீட்டு அலகு 22 லிட்டர் கொள்ளும் பை. அவர்கள் எடுத்த இயற்கைப் பருத்திப் பை அதைவிடக் கொஞ்சம் சிறியது என்பதால் ஒன்றுக்கு இரண்டாகக் கணக்கிட்டார்கள். தெருவில் வீசிய பை என்ன செய்யும் என்பதைச் சேர்க்கவில்லை, ஏனென்றால் டென்மார்க்கில் குப்பை ஏறக்குறைய முழுவதும் சேகரிக்கப்பட்டுவிடுகிறது. சாக்கடையை அடைக்கும் பையும் மாட்டின் வயிற்றுக்குள் போகும் பையும் அந்த நாட்டுக் கணக்கில் வராது. நம் நாட்டுக் கணக்கில் அவைதான் முதல் வரிசையில் நிற்க வேண்டும். அறிக்கை அதன் ஊருக்குச் சரி. அதைத் தூக்கி இங்கே வைப்பதுதான் தவறு. மஞ்சப்பையை 52 முறைக்கு மேல் பயன்படுத்தாத பாட்டி நம் தெருவில் யாராவது உண்டா?

இப்போது கூட்டலுக்கு வருவோம். பாதிப்பு வகைகளைத் தனித்தனியே வைத்திருக்கும்வரை அவை அளவுகள். கிலோ, லிட்டர் என்று அவற்றுக்கு அலகு இருக்கிறது, சரிபார்க்க முடிகிறது. எல்லாவற்றையும் ஒரே மதிப்பெண்ணாக்க வேண்டும் என்றால் கரியமில வாயுவுக்கு இவ்வளவு எடை, தண்ணீருக்கு இவ்வளவு எடை, கூலிக்கு இவ்வளவு எடை என்று யாராவது முடிவு செய்ய வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் எத்தனை கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்று எந்த ஆய்வுக்கூடத்திலும் அளக்க முடியாது. அது விழுமியம் சார்ந்த முடிவு. எண் வடிவத்தில் வருவதால் அறிவியல்போல் தோன்றுகிறது. இதைவிடப் பெரிய சிக்கல், கூட்டல் ஈடுகட்ட அனுமதிக்கிறது என்பது. கூரையில் சூரியப் பலகை வைத்து வாங்கிய மதிப்பெண், ஆற்றைக் கெடுத்ததால் இழந்த மதிப்பெண்ணை மூடிவிடும். பத்தாம் வகுப்பில் கணக்கில் 100 வாங்கிய பிள்ளையும் தமிழில் 35 எடுக்காவிட்டால் தேர்ச்சி இல்லை என்கிறது நம் தேர்வுத்துறை. மொத்தம் 400ஐத் தாண்டினாலும் அந்த விதி மாறாது. கடைகளுக்கும் பிராண்டுகளுக்கும் மதிப்பெண் போடுகிற பெரும்பாலான முறைகளில் இந்த எளிய விதி இல்லை. ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தபட்சத் தேர்ச்சி வேண்டும் என்று வைத்தால், இன்று பச்சை அட்டை தொங்கவிட்டிருக்கும் பல பிராண்டுகள் தவறிவிடும் என்பது என் நம்பிக்கை.

எந்தப் பாடத்தில் தவறும் என்பதைத் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறைக்குள் நின்று பார்த்தால் புரியும்.

பருத்தி இழை தண்ணீரில் நனைந்ததும் அதன் மேற்பரப்பு எதிர்மின் தன்மை பெறுகிறது. டி-ஷர்ட்டுக்குப் போடும் ரியாக்டிவ் சாயமும் எதிர்மின் தன்மை கொண்டதே. இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். அந்த விலக்கத்தை மறைக்கத்தான் உப்பு. உப்பின் அயனிகள் இடையில் நின்றதும் சாயம் இழையை நெருங்குகிறது. பிறகு சோடா ஆஷ் போட்டுக் காரத்தன்மையை ஏற்றினால் சாய மூலக்கூறு செல்லுலோஸோடு வேதிப்பிணைப்பில் ஒட்டிக்கொள்ளும். துவைத்தாலும் போகாத நிறம் அப்படித்தான் கிடைக்கிறது. சாயத்தில் ஒரு பகுதி இழையோடு சேராமல் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிவிடும். உப்போ துணியில் துளியும் தங்குவதில்லை. போட்டது அத்தனையும் கழிவு நீரில் வெளியே வந்தாக வேண்டும். கறுப்பு, கருநீலம் போன்ற அடர்ந்த ஷேடுக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்றும், ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ துணிக்கு 480 கிராம் உப்பு. ஒரு கிலோ துணியில் ஐந்தாறு டி-ஷர்ட் வரும். ஆக, ஒரு கறுப்பு டி-ஷர்ட்டுக்கு 80 கிராமுக்குக் குறையாத உப்பு எங்கோ ஓரிடத்துக்குப் போயாக வேண்டும்.

வெகுகாலம் அது நொய்யலுக்குப் போனது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாகக் காவிரிக்குப் போகும் ஆறு அது. பாசனத்துக்கென்று 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குளமானது. தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. அணையிலிருந்து உப்பு நிலத்தடிக்கு இறங்கியது. கிணறுகள் கெட்டன, பயிர் கருகியது. விவசாயிகள் நீதிமன்றம் போய்ப் பல ஆண்டுகள் போராடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியே போகாத முறை வந்தால்தான் திறக்கலாம் என்ற நிலை ஏற்பட்டது.

இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு ஒரு மதிப்பெண் அட்டையைப் பாருங்கள். ஹிக் மூலப்பொருள் குறியீட்டில் ஐந்து வகைகள் இருந்தன: புவி வெப்பம், நீர்நிலையில் ஊட்டச்சத்து மிகுதல், நீர்ப் பற்றாக்குறை, புதைபடிவ எரிபொருள் செலவு, வேதிப்பொருட்கள். மண்ணும் நன்னீரும் உப்பாவதற்கு என்று ஒரு கட்டம் இல்லை. பொதுவாகப் புழங்கும் வாழ்க்கைச் சுழற்சி முறைகள் பெரும்பாலானவற்றிலும் அது கிடையாது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வகைகளை வகுத்தபோது அவர்கள் கண்முன் இருந்தவை அமில மழையும் பாசி படர்ந்த ஏரிகளும். நொய்யலைக் கொன்ற பொருள் அந்தப் பட்டியலில் ஏறவே இல்லை. எனக்கு இது மிகப் பெரிய குறையாகப் படுகிறது. அளக்காத பாதிப்பு அட்டையில் பூச்சியமாகத்தான் தெரியும்.

திருப்பூரின் பட்டறைகள் மீண்டும் திறந்தது பெரும் சாதனை. கழிவு நீரை உயிரியல் முறையில் சுத்தம் செய்து, ஆர்.ஓ. சவ்வுகள் வழியே அழுத்தித் தள்ளி, பெரும் பகுதித் தண்ணீரை மீட்டுப் பட்டறைக்கே அனுப்புகிறார்கள். எஞ்சும் அடர் உப்பு நீரை எவாப்பரேட்டரில் கொதிக்கவைத்து உப்பைப் பிரிக்கிறார்கள். மீட்ட உப்பு திரும்பச் சாயத் தொட்டிக்குப் போகிறது. மீட்க முடியாத கலப்பு உப்பு மூட்டைகளாகக் கிடங்குகளில் சேர்கிறது. இதற்கு ஆகும் ஆற்றல் கொஞ்சமல்ல. ஆயிரம் லிட்டர் தண்ணீரை ஆவியாக்க இயற்பியல்படியே 600 யூனிட்டுக்கு மேல் வெப்பம் வேண்டும். ஒரு கலனின் நீராவியை அடுத்த கலனுக்கு வெப்பமாகக் கொடுத்து அதைப் பல மடங்கு குறைக்கலாம், இல்லாமல் ஆக்க முடியாது. ஆகவே ஆற்றைக் காப்பாற்றிய பட்டறைக்கு ஒரு கிலோ துணிக்கான கரியமில வாயு கூடிவிடுகிறது. கரியமில வாயுவை மட்டும் பார்க்கும் ஒரு பிராண்டின் அட்டையில், கழிவை ஆற்றில் விடும் வேறொரு நாட்டுப் பட்டறை திருப்பூரைவிட நல்ல மதிப்பெண் வாங்கும்.

தண்ணீருக்கும் இதே கதைதான். ஒரு லிட்டர் என்பது எல்லா ஊரிலும் ஒரே லிட்டர் இல்லை என்பதை அறிவியலாளர்கள் உணர்ந்திருக்கிறார்கள். அவேர் என்ற முறையில், ஒரு வடிநிலத்தில் மனிதர், பயிர், ஆறு எல்லாவற்றின் தேவையும் போக எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்து ஒவ்வோர் இடத்துக்கும் 0.1 முதல் 100 வரை ஒரு பெருக்கெண் தருகிறார்கள். மிகுதியாக மழை பெய்யும் ஒரு வடிநிலத்தில் எடுத்த லிட்டரும் வறண்ட வடிநிலத்தில் எடுத்த லிட்டரும் ஆயிரம் மடங்கு வேறுபடலாம். எந்த ஆலை, எந்த ஊர் என்று சொல்லாமல் "20 விழுக்காடு தண்ணீர் மிச்சம்" என்று எழுதுவதில் பொருள் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

துணியை விட்டுக் கடைக்குள் வந்தால், எளிதில் அளக்கக்கூடிய, ஆனால் வாடிக்கையாளர் கண்ணில் படாத ஒன்று இருக்கிறது. சூப்பர் மார்க்கெட்டின் நீண்ட குளிர்பெட்டி வரிசைக்குப் பின்னால் சுவருக்குள் ஓடும் குழாய்களில் குளிர்பதன வாயு இருக்கிறது. பல கடைகளில் அது ஆர்-404ஏ. ஒரு கிலோ கசிந்தால் 3,922 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வெப்பத்தை நூறாண்டுக் கணக்கில் உண்டாக்கும். அமெரிக்காவில் ஒரு சராசரி சூப்பர் மார்க்கெட் தன் குழாய்களில் உள்ள வாயுவில் கால் பங்கை ஆண்டுதோறும் கசியவிடுகிறது என்று அந்நாட்டின் சுற்றுச்சூழல் முகமை மதிப்பிட்டது. கதவில்லாத குளிர்பெட்டியும் கசியும் ஒரு வால்வும், வாசலில் வைத்த காகித உறிஞ்சுகுழல் மிச்சப்படுத்தும் அத்தனையையும் ஒரே வாரத்தில் விழுங்கிவிடும். சூழல் புலனாய்வு முகமை என்ற அமைப்பு இந்த ஒரே விஷயத்தை வைத்து 2020 முதல் அமெரிக்கச் சங்கிலிக் கடைகளைத் தரம்பிரிக்கிறது. என்ன வாயு, எத்தனை கடைகளில் மாற்றினீர்கள், கசிவை எப்படிக் கண்காணிக்கிறீர்கள் என்ற வகைக் கேள்விகள். கரியமில வாயுவையே குளிர்பதனப் பொருளாகப் பயன்படுத்தும் கடைகளை அதிகமாகத் திறந்த ஆல்டி முதலிடம் பிடித்தது. இது நல்ல மதிப்பீடு. சிறிய கேள்வி, சரிபார்க்கக்கூடிய பதில், அடுத்த ஆண்டு கடைக்காரர் செய்ய வேண்டியது என்ன என்பதும் அதிலேயே இருக்கிறது.

நிறுவனம் முழுவதற்கும் ஒரு தரம் கொடுக்கும்போது சறுக்கல் பெரிதாகிறது. 2020இல் பூஹூ என்ற பிரிட்டிஷ் ஆடை நிறுவனத்துக்கு எம்.எஸ்.சி.ஐ. என்ற தரமிடும் நிறுவனம் ஏஏ என்ற இரண்டாவது உயர்ந்த தரம் கொடுத்திருந்தது. அந்த ஜூலையில் லெஸ்டர் நகரத்தில் அதன் உடைகளைத் தைத்த தொழிலாளருக்கு மணிக்கு 3.50 பவுண்டு தரப்பட்டதாகச் செய்தி வெளிவந்தது. அப்போது அங்கே சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 8.72 பவுண்டு. ஆறு தரமிடும் நிறுவனங்களை எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ஒப்பிட்டபோது அவற்றின் தரங்களுக்கிடையிலான தொடர்புக் கெழு சராசரியாக 0.54தான் இருந்தது. கடன் தகுதிக்கு மூடிஸ், எஸ் அண்ட் பி தரும் தரங்களில் இது 0.92. முரண்பாட்டுக்கு முக்கியக் காரணம் எடை போடுவதில் உள்ள வேறுபாடு என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். அதன் பங்கு 6 விழுக்காடு மட்டுமே. 56 விழுக்காடு முரண்பாடு, ஒரே விஷயத்தை வெவ்வேறு விதமாக அளந்ததால் வந்தது. தொழிலாளர் நலனை ஒருவர் வழக்குகளின் எண்ணிக்கையால் அளக்கிறார், இன்னொருவர் ஆட்கள் வேலையை விட்டுப்போகும் வேகத்தால் அளக்கிறார். எந்த ஆற்றில், எந்த நாளில், என்ன கருவியால் அளந்தார்கள் என்று திரும்பிப்போய்ப் பார்க்க முடியாத தரத்தை நம்புவதற்கு இடமில்லை.

ஃபேஷன் ரெவல்யூஷன் என்ற இயக்கம் இன்னொரு வழியில் போனது. 2013 ஏப்ரலில் வங்கதேசத்தின் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். எந்த பிராண்டின் துணி அங்கே தைக்கப்பட்டது என்று அறிய இடிபாடுகளில் லேபிள்களைத் தேட வேண்டியிருந்தது. அதிலிருந்து பிறந்த இயக்கம் இது. யார் எவ்வளவு வெளிப்படையாகத் தகவல் தருகிறார்கள் என்பதை மட்டும் இதன் பட்டியல் அளக்கிறது. 2023இல் 250 பிராண்டுகளின் சராசரி 26 விழுக்காடு. முதலில் வந்த இத்தாலியின் ஓ.வி.எஸ். 83 விழுக்காடு பெற்றது. வெளிப்படையாக இருப்பது நல்லபடி நடத்துவதாகாது என்பதை இயக்கமே சொல்கிறது. ஆனாலும் இதை நான் மதிக்கிறேன், தான் அளக்காததை அளந்ததாக இது சொல்வதில்லை.

நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் நட்சத்திரச் சீட்டை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம். இந்திய ஆற்றல் திறன் செயலகம் 2006இல் தொடங்கிய திட்டம் அது. ஓராண்டுக்கு எத்தனை யூனிட் என்று ஒரே ஓர் அளவு, சோதனைக்கூடத்தில் திரும்பவும் அளக்கக்கூடியது, சீட்டிலேயே அச்சாகியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்வைக் கடினமாக்குகிறார்கள். 2022 ஜூலையில் ஏ.சி.க்கான விதி மாறியபோது ஐந்து நட்சத்திரம் வாங்கிய கருவிகள் நான்குக்கு இறங்கின. அந்தக் கருவியை யார் எந்தக் கூலிக்குச் செய்தார்கள் என்று அந்தச் சீட்டு சொல்லாது, சொல்வதாகப் பாசாங்கும் செய்யாது.

சட்டங்களும் மெதுவாக இந்தத் திசைக்கு வருகின்றன. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் நிறைவேற்றிய விதி 2026 செப்டம்பர் 27 முதல் நடைமுறைக்கு வருகிறது. சான்று இல்லாமல் "சூழலுக்கு உகந்தது" என்று பொதுவாகச் சொல்வதும், கடை தனக்குத் தானே உருவாக்கிக்கொண்ட பச்சை முத்திரையும் அதன்படி தடை. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் இதேபோன்ற வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி, அந்தச் சந்தையின் முதல் 1,000 நிறுவனங்களிடம் 2022-23 முதல் ஆண்டுதோறும் சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கை கேட்கிறது. நாம் வாங்கும் கடைச் சங்கிலி பட்டியலிடப்பட்ட நிறுவனமாக இருந்தால் அதன் மின்சாரம், தண்ணீர், கழிவு ஆகியவற்றின் கணக்கு இப்போது யாரும் படிக்கக் கிடைக்கிறது. படித்துக் கேள்வி கேட்கிறவர்கள்தான் குறைவு.

மதிப்பெண்ணின் செலவு யார் தலையில் விழுகிறது என்பது அட்டைகளில் வருவதில்லை. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியின் காம்ப்ளையன்ஸ் அறையில் பி.எஸ்.சி.ஐ., செடெக்ஸ், காட்ஸ், ஓக்கோடெக்ஸ், ஹிக் என்று ஒவ்வொரு சான்றுக்கும் தணிக்கைக்கும் அலமாரி நிறைய ஃபைல்கள் இருக்கும். அதே கரண்ட் பில், அதே தண்ணீர் மீட்டர் அளவு, ஒவ்வொரு பையருக்கும் வேறு வேறு படிவத்தில். ஆடிட் கட்டணம் பெரும்பாலும் கம்பெனி தலையில். எவாப்பரேட்டருக்கு ஆகும் செலவு சாயக் கூலியில் ஏறுகிறது. அடுத்த சீசனில் அதே பையர் ஒரு பீஸுக்குச் சில சென்ட் குறைக்கச் சொல்வார். கடைசி நேரத்தில் ஷேடை மாற்றிவிட்டு டெலிவரி தேதியை மட்டும் அப்படியே வைத்திருப்பார். இரவு ஷிஃப்ட்டும் ஓவர்டைமும் மறுசாயமும் அங்கிருந்து பிறக்கின்றன. மறுசாயம் என்றால் இன்னொரு தொட்டித் தண்ணீர், இன்னொரு 60 கிராம் உப்பு ஒவ்வொரு லிட்டருக்கும். அது பட்டறையின் மதிப்பெண்ணைக் குறைக்கும், ஷேடை மாற்றிய பிராண்டின் மதிப்பெண்ணைத் தொடாது.

பெட்டர் பையிங் என்ற முயற்சி இதைத் தலைகீழாக்கியது. மார்ஷா டிக்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் டக் கான் என்பவரும் தொடங்கிய அதில், சரக்கு அனுப்புகிறவர்கள் பெயர் சொல்லாமல் தங்கள் பையர்களுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். ஆர்டரை முன்கூட்டியே திட்டமிட்டுச் சொன்னார்களா, பேசிய விலை விதிகளுக்குட்பட்டுச் செய்யும் செலவையாவது ஈடுகட்டியதா, பணம் சொன்ன தேதிக்கு வந்ததா, டிசைனை எத்தனை முறை மாற்றினார்கள் என்று கேள்விகள் ஏழு பிரிவுகளில் போகின்றன. கரியமில வாயு, தண்ணீர் என்று அதில் ஒரு கட்டமும் இல்லை. ஆனால் ஆற்றுக்குப் போகும் உப்பின் அளவைத் தீர்மானிக்கும் முடிவுகளில் பாதி அந்தக் கேள்விகளுக்குள் இருக்கின்றன. கடையில் தொங்கும் அட்டையில் கூடுதலாக ஒரு வரி சேர்க்கும் உரிமை எனக்குக் கிடைத்தால், இந்தத் துணிக்குச் சாயமேற்றியவருக்கு கிலோவுக்கு என்ன கொடுத்தீர்கள், ஷேடை எத்தனை முறை மாற்றினீர்கள் என்ற இரண்டையும் அதில் எழுதச் சொல்வேன்.